அரை டம்ளர் வயிறு

குண்டாக இருக்கும் பெண்மணிக்கு இந்த உலகத்தில் வேறு எது கிடைக்கிறதோ இல்லையோ, யோசனை மட்டும் தாராளமாகக் கிடைக்கும். கொள்ளுக் கஞ்சி குடி என்பார் ஒருவர். வெந்நீரில் தேனும் எலுமிச்சம் பழமும் என்பார் இன்னொருவர். "ராத்திரி ஒரு வேளை சாப்பிடாமல்தான் இருந்து பாரேன்" என்று, மூன்றாவது ஜாங்கிரியைக் கையில் எடுத்துக்கொண்டே சொல்லும் ஒல்லி உறவினர் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. உங்கள் குடும்பத்தில் இல்லையென்றால் நீங்கள் பாக்கியசாலி!

நான் இவை அத்தனையும் செய்து பார்த்தவள். பதினெட்டு வருஷத்தில் ஐந்து தடவை பத்துப் பத்துக் கிலோ இளைத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் போன பத்துக் கிலோ திரும்பி வரும்போது, துணைக்கு இன்னும் இரண்டு மூன்று கிலோவைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தது. 2022-ம் வருஷ ஆரம்பத்தில், என் நாற்பத்து நாலாவது வயதில், எடை 112 கிலோ. உயரம் 158 சென்டிமீட்டர். கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு தடவை வகுத்தால் வருகிற எண்ணை டாக்டர்கள் பி.எம்.ஐ. என்கிறார்கள். எனக்கு அது 45-ஐத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த வருஷம் ஜூன் மாதம் வயிற்றைச் சிறிதாக்கும் ஆபரேஷன் செய்துகொண்டேன். அதைப் பற்றிப் பெண்கள் ரகசியமாக என்னைக் கேட்கிறார்கள். கல்யாண மண்டபத்தில் கை அலம்பும் இடத்தில், லிஃப்டில், கோயில் பிராகாரத்தில். எல்லோருக்கும் சேர்த்து இங்கே சொல்லிவிடலாமென்று தோன்றிற்று.

அழகுக்காகவா செய்துகொண்டாய் என்று கேட்பவர்களுக்கு முதலில் ஒரு விஷயம். என் கணவர் என் உடம்பைப் பற்றி ஒரு நாளும் வாய் திறக்காதவர். ஒரு நாள் காலையில் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு, "ராத்திரி நீ குறட்டை விட்டுக்கொண்டிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்குகிறேன். குறட்டை நின்றால்தான் முழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து உட்கார்ந்து, மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்றார்.

"எத்தனை நாளாக?" என்றேன்.

"இரண்டு வருஷமாக."

அன்றைக்கே டாக்டரிடம் போனோம். உடம்பெல்லாம் கம்பிகளை ஒட்டி ஓர் இரவு தூங்க வைத்துப் பார்த்தார்கள். மணிக்கு 42 தடவை என் மூச்சு தடைப்பட்டது. முப்பதுக்கு மேல் போனாலே கடுமை என்று கணக்காம். தூங்கும்போது மூக்கில் மாட்டிக்கொள்ளும் காற்று யந்திரம் ஒன்றைக் கொடுத்தார்கள். சர்க்கரைக்கு மூன்று வித மாத்திரை விழுங்கியும் மூன்று மாதச் சராசரி 8.9. எல்லாத் தாள்களையும் பார்த்துவிட்டு டாக்டர்தான் ஆபரேஷன் பேச்சை எடுத்தார்.

அவர் சொன்ன ஒன்று என் மனத்தில் பதிந்தது. "நீங்கள் வாயைக் கட்டவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஐந்து தடவை கட்டியிருக்கிறீர்கள். உங்கள் உடம்புதான் அதை ஒப்புக்கொள்ளவில்லை" என்றார். பட்டினி கிடந்து இளைத்தால், ஏதோ பஞ்சம் வந்துவிட்டதென்று உடம்பு எண்ணிக்கொள்கிறதாம். செலவைக் குறைத்துக்கொண்டு, பசியைக் கூட்டிவிடுகிறது. 2011-ல் ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், உணவைக் குறைத்து இளைத்தவர்களை ஒரு வருஷம் கழித்துச் சோதித்துப் பார்த்தார்கள். பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் அப்போதும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. பதினெட்டு வருஷமாக என்னை எல்லோரும் சோம்பேறி என்று நினைத்திருக்க, உடம்பு தன் பாட்டுக்கு ஒரு கணக்கு எழுதிக்கொண்டிருந்திருக்கிறது!

வைத்தியம் புதிதல்ல. அமெரிக்காவில் அயோவா என்ற இடத்தில் எட்வர்ட் மேசன் என்கிற டாக்டர் 1966-லேயே இரைப்பையைச் சுருக்கிக் குடலோடு இணைக்கும் ஆபரேஷனைச் செய்திருக்கிறார். ஸ்வீடனில் 1987-ல் ஆரம்பித்து, செய்துகொண்டவர்களையும் செய்துகொள்ளாதவர்களையும் வருஷக்கணக்காகத் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். செய்துகொண்டவர்களில் இறப்பு குறைவாக இருந்ததென்று 2007-ல் எழுதினார்கள். யாருக்குச் செய்யலாம் என்பதற்கும் வரையறை உண்டு. 1991 முதல் வெகு காலம், பி.எம்.ஐ. 40 இருக்க வேண்டும், அல்லது 35-உடன் வேறு வியாதிகளும் இருக்க வேண்டும் என்றிருந்தது. 2022-ல் அதை 35 ஆகத் தளர்த்தினார்கள். நம்மைப் போன்ற ஆசிய தேசத்தாருக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வந்துவிடுவதால் 27.5 முதலே யோசிக்கலாம் என்கிறார்கள். யோசிக்கலாம் என்றுதான் சொன்னேன். ஐந்து கிலோ கூடியவர்கள் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டாம்.

இரண்டு முறைகளைப் பற்றி எனக்கு விளக்கினார்கள். பைபாஸ் என்பதில் இரைப்பையின் மேல் நுனியைச் சிறு பை போலாக்கி, சிறுகுடலில் சற்றுத் தள்ளி இணைக்கிறார்கள். சர்க்கரைக்கு அது பலமான வைத்தியம்; ஆனால் சத்துக் குறைவும் அதில் அதிகம். மற்றொன்று ஸ்லீவ். ஸ்லீவ் என்றால் சட்டைக் கைதானே! தையற்காரர் அகலத் துணியை ஒடுக்கிப் பிடித்துத் தைத்து மிச்சத்தை வெட்டுகிறாரே, அதே மாதிரி இரைப்பையில் முக்கால் பாகத்துக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் போன்ற ஒரு குழாயை மட்டும் விடுகிறார்கள். அரை டம்ளர் கொள்ளும். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் வெட்டியெடுக்கும் பகுதியில்தான் சுரக்கிறது என்பதால் பசியும் அடங்குகிறது. வெட்டியதை மறுபடி ஒட்ட முடியாது. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு இது ஒத்துவராது. எனக்கு அந்த உபத்திரவம் இல்லை என்று குழாய் விட்டுப் பார்த்துச் சொன்னார்கள். ஸ்லீவ் என்று முடிவாயிற்று.

டாக்டர் வீட்டில் முடிவானது நம் வீட்டில் முடிவாகுமா? என் மாமியாருக்கு எழுபத்து மூன்று வயது. "ஏண்டியம்மா, நாலு நாள் பட்டினி கிடந்தா இளைக்காதா? அதுக்கு வயித்தை அறுக்கணுமா?" என்றார். "நாலு நாள் இல்லேம்மா, பதினெட்டு வருஷம் கிடந்தாச்சு" என்றேன். அவர் பதில் பேசவில்லை. ஆனால் அன்று ராத்திரி எனக்குப் பிடித்த வெங்காய சாம்பார் வைத்து, "இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கோ, இனிமே எப்போ சாப்பிடப் போறியோ" என்றார். சகோதரிகளே, நம் வீடுகளில் அன்பைக் காட்டப் பாஷை அந்த ஒரு கரண்டிதானே! அதை வேண்டாம் என்று கை காட்டுவதற்கு, ஆபரேஷன் மேஜையில் படுப்பதைவிட அதிகத் தைரியம் வேண்டியிருந்தது.

இன்ஷூரன்ஸ் கம்பெனி, இது அழகு வைத்தியம் என்று முதலில் கையை விரித்தது. 40-க்கு மேலுள்ள பி.எம்.ஐ.க்கு, மற்ற முறைகள் பலிக்காத நிலையில் டாக்டர் சிபார்சு செய்தால் கொடுக்க வேண்டுமென்று விதி இருப்பதை எடுத்துக்காட்டி, என் கணவர் இரண்டு கடிதம் எழுதினார். பணம் வந்தது. உங்கள் பாலிசியில் காத்திருக்கும் காலம் எவ்வளவு என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈரல் சற்றுச் சுருங்க வேண்டும் என்பதற்காக, ஆபரேஷனுக்கு முன் இரண்டு வாரம் பெரும்பாலும் திரவ ஆகாரம்தான். முதல் நாள் பீரோ சாவியை என் பெண்ணிடம் கொடுத்தேன். "எதுக்கும்மா?" என்றாள். ஆஸ்பத்திரியில் தொலைந்து போய்விடும் என்றேன். அவள் சாவியை வாங்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். பிளஸ் ஒன் படிக்கிற பெண்ணுக்கு இது கூடவா தெரியாது?

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வயிற்றில் ஐந்து சிறு துளைகள். கண் விழித்தபோது வயிற்றைவிடத் தோள்பட்டைதான் வலித்தது. உள்ளே நிரப்பிய வாயு அப்படிச் செய்யுமாம். காலில் ரத்தம் கட்டிவிடக் கூடாதென்று அன்று சாயங்காலமே எழுப்பி நடக்க வைத்தார்கள். மூன்றாம் நாள் வீடு.

வீட்டில்தான் கதை ஆரம்பம். கால் மணிக்கு ஒரு தடவை முப்பது மில்லி, அதையும் மெதுவாக உறிஞ்ச வேண்டும். டம்ளரில் குடித்தால் என்னையறியாமல் ஒரு வாய் கூடப் போய் மார்பை அடைத்தது. இரண்டு நாள் இதைப் பார்த்துக்கொண்டிருந்த மாமியார், பூஜை அலமாரியிலிருந்து எதையோ தேடி எடுத்து, புளி போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்தார். என் பெண்ணுக்குப் பால் புகட்டிய வெள்ளிப் பாலாடை! அதில் வடிகட்டிய ரசத் தண்ணீரை ஊற்றி, "மெதுவா, மெதுவா" என்று என் வாயருகே பிடித்தார். வயிற்றை அறுப்பதா என்று கேட்டவர் அவர்தான். அன்று முதல் பத்து நாள், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அந்தப் பாலாடையோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

இரண்டு வாரம் தெளிவான ரசமும் மோரும் புரதப் பொடிக் கரைசலும். பிறகு கூழ் மாதிரி மசித்த பருப்பு. ஒரு மாதத்துக்கு மேல் ஆனபின் மோரில் ஊறிய இட்லி. பசி என்பதே இல்லை. ஆனால் மூன்றாவது வாரம் ஒரு நாள், அடுத்த வீட்டில் எண்ணெயில் கத்திரிக்காய் வதக்குகிற வாசனை வந்தது. நான் கட்டிலில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதேன். பசி போன பிறகும் ஆசை அதே இடத்தில் இருந்தது. இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன். இன்னும் பத்து நாள் பொறுத்து அதுவும் தணிந்தது. முழுக்கப் போகவில்லை, இன்றைக்கும்.

நம் ஆகாரத்தில் சில தொல்லைகள் உண்டு. சோறு உள்ளே போய் ஊதிக்கொள்கிறது. வறட்டுச் சப்பாத்தி பாதி வழியில் நின்று, வாயில் நுரை நுரையாக எச்சில் ஊறும். நன்றாக மென்று, சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் அரை மணி இடைவெளி விட வேண்டும். சாப்பிட்டுக்கொண்டே தண்ணீர் குடிக்கும் வழக்கத்தை விடுவதற்கு எனக்கு ஆறு மாதம் ஆயிற்று. புரதம் தினம் அறுபது கிராமாவது வேண்டும் என்கிறார்கள். நாங்கள் சைவம். ஓர் இட்லியில் இரண்டு கிராம் தேறினால் அதிகம். அறுபது கிராமுக்கு முப்பது இட்லி! என் புது வயிற்றில் ஒன்று கூட முழுசாக இறங்காது. ஆகையால் தட்டில் முதலிடம் பன்னீர், பயறு, கெட்டித் தயிருக்கு. சோறு கடைசியில், இடமிருந்தால்.

நாலாவது மாதம் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டிற்று. வேகமாக இளைத்தால் அப்படித்தான், திரும்ப முளைக்கும் என்றார்கள். முளைத்தது, முன் போல் அடர்த்தியாக இல்லை. வேகமாக இளைப்பவர்களுக்குப் பித்தப்பையில் கல் வரும் என்று ஆறு மாதம் அதற்கும் மாத்திரை. பி-12, இரும்பு, சுண்ணாம்பு, டி வைட்டமின் இவை ஆயுள் முழுக்க. விடாமல் வாந்தி எடுத்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். தயமின் என்ற பி-1 சத்து குறைந்து நரம்பைப் பாதித்துவிடும். பிள்ளை பெற நினைக்கும் இளம் பெண்கள் ஒன்று ஒன்றரை வருஷமாவது பொறுக்க வேண்டும்.

ஒரு வருஷத்தில் 78 கிலோவுக்கு வந்தேன். சர்க்கரைக்கு ஒரு மாத்திரைதான் மிச்சம்; சராசரி 6.2. மூச்சுத் தடை மணிக்கு 9. காற்று யந்திரத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. மூன்றாம் வருஷம் எடை 82. நாலு கிலோ ஏறியது ஏன் என்று கேட்டதற்கு, அநேகமாக எல்லோருக்கும் கொஞ்சம் ஏறும், உங்களுக்கு ஏறியது சொற்பம் என்றார் டாக்டர்.

ஊர் வாய் இருக்கிறதே, அது மட்டும் இளைக்கவேயில்லை. குண்டாக இருந்தபோது பந்தியில் என் இலையை எண்ணியவர்களே இப்போது, "ஒண்ணுமே சாப்பிடலையே, உடம்புக்கு என்ன?" என்கிறார்கள். ஓர் அம்மாள் என் மாமியாரைத் தனியே அழைத்து, கான்ஸரா என்று விசாரித்தாராம். "ஆமாம், உன் நாக்கிலே" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார் எங்கள் அம்மா!

2024-ல் சென்னைப் புறநகரில், இந்த ஆபரேஷனுக்குப் போன ஓர் இளைஞர் உயிரிழந்த செய்தியைப் படித்திருப்பீர்கள். நல்ல இடத்தில் செய்தால் பித்தப்பை ஆபரேஷன் அளவுக்குத்தான் அபாயம் என்றாலும், தையலில் கசிவு, ரத்தப் போக்கு, ரத்தம் கட்டுதல் எல்லாம் நேரக்கூடியவையே. தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா, டாக்டர் இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார், பிற்பாடு ஆகாரம் சொல்லிக்கொடுக்க ஆள் உண்டா என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ளும் டாக்டர் நமக்கு வேண்டாம். 2025 முதல் வாரத்துக்கொரு ஊசிகளும் நம் நாட்டில் விற்பனைக்கு வந்துவிட்டன. அவற்றால் நன்றாக இளைத்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் நிறுத்தினால் போன எடையில் பெரும் பாகம் அநேகருக்குத் திரும்பிவிடுகிறது. எனக்கிருந்த எடைக்கு இன்றைக்கும் ஆபரேஷனைத்தான் சொல்லியிருப்பார் என் டாக்டர். உங்களுக்கு எது என்று உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அடுத்த மாதம் எனக்கு வருஷாந்தர ரத்தப் பரிசோதனை. மாமியார் தினசரிக் காலண்டரில் ஏகாதசிக்கும் கிருத்திகைக்கும் நடுவே, தமது கோணல் எழுத்தில் "பி 12" என்று குறித்து வைத்திருக்கிறார். நேற்று வந்த சாஸ்திரிகள் அதைப் பார்த்துவிட்டு, அது என்ன விரதம் என்று கேட்டார்.