ஆற்றில் போட்டு குளத்தில் எடுத்த ஊர்!

சென்னையிலிருந்து திருச்சி போகும் ரயில் பாதையில், விழுப்புரம் தாண்டி வரும் பெரிய சந்திப்பு விருத்தாசலம். சேலத்துக்கும் கடலூருக்கும் இங்கிருந்துதான் பாதை பிரிகிறது. ரயில் மாறுவதற்காக மட்டும் இறங்குபவர்கள், கொஞ்சம் நேரம் இருந்தால் ஊருக்குள் போய் வரலாம்.

இது பீங்கான் ஊர். அகல் விளக்கு, பொம்மை, ஊறுகாய் ஜாடி, நம் வீட்டு மீட்டர் பெட்டியில் இருக்கும் வெள்ளை பியூஸ் கட்டை என்று பலதும் இங்கே சூளையில் வெந்து வெளியே வருகின்றன. இந்தத் தொழிலைக் கற்றுத்தர அரசு கல்வி நிலையமும் இங்கே இருக்கிறது.

ஊரின் நடுவே பழமலைநாதர் கோயில். விருத்தகிரீஸ்வரர் என்றும் சொல்வார்கள். திருமுதுகுன்றம் என்பது பழைய பெயர். இங்கே சுந்தரருக்கு இறைவன் 12,000 பொன் கொடுத்தார் என்பது தல வரலாறு. அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டாராம் சுந்தரர். ‘ஆற்றிலே போட்டு குளத்திலே தேடுவது’ என்ற சொலவடைக்குப் பின்னால் இருப்பது இந்தக் கதைதான்.

இன்று நம் செல்போன் எண்ணும் கிட்டத்தட்ட அப்படித்தான் போகிறது. ஒரு நிறுவனத்தில் விட்டு, இன்னொரு நிறுவனத்தில் எடுத்துக்கொள்கிறோம். இந்த வசதி 2011 ஜனவரி 20 அன்று நாடு முழுவதும் வந்தது. 2018 பிப்ரவரியில் ஏர்செல் சிக்னல் தமிழ்நாட்டில் திடீரென்று அடங்கியபோதுதான், எண் என்பது எவ்வளவு பெரிய சொத்து என்று பலருக்கும் உறைத்தது. ஆதார், வங்கி, கேஸ் புக்கிங், வாடிக்கையாளர் ஆர்டர் எல்லாம் அந்தப் பத்து இலக்கத்தில்தானே இருக்கின்றன!

ஆனால் எண் மாறலாம், போன் மாறுமா?

பீங்கான் பட்டறையில் வேலை பார்க்கும் ஒரு அப்பாவுக்கு, அமெரிக்காவில் இருக்கும் மகன் தன் பழைய போனைக் கொண்டுவந்து கொடுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அப்பா ஆசையாகத் தன் சிம்மைப் போடுகிறார். ‘இந்த சிம் செல்லாது’ என்கிறது போன். கெட்டுப்போன போன் அல்ல அது, பூட்டிய போன். அங்கே தவணையில் வாங்கும் போன்களை, பணம் கட்டி முடியும்வரை அந்த நிறுவனத்தின் சிம் மட்டும் வேலை செய்யும்படி பூட்டிவைப்பது வழக்கம்.

நமக்கும் இது புதிதல்ல. 2003-ல் 501 ரூபாய்க்கு வந்த ரிலையன்ஸ் சி.டி.எம்.ஏ. போனில் சிம்மே கிடையாது. போனுக்குள்ளேயே எண். 2017-ல் அறிமுகமான ஜியோபோனிலும் ஜியோ சிம் மட்டும்தான். மற்றபடி இங்கே கடைகளில் வாங்கும் ஸ்மார்ட்போன்கள் பெரும்பாலும் பூட்டில்லாமலே வருகின்றன. பிரிட்டனில் பூட்டிய போன் விற்கவே 2021 டிசம்பரிலிருந்து தடை. கனடாவில் 2017 டிசம்பரிலேயே தடை வந்துவிட்டது.

பூட்டைத் திறக்க என்ன வழி? சாவி, பூட்டிய நிறுவனத்திடம்தான் இருக்கிறது. போனைத் தயாரித்த கம்பெனியால்கூட நேரடியாகத் திறக்க முடியாது. *#06# அழுத்தினால் ஐ.எம்.இ.ஐ. எண் வரும். அதைக் கொடுத்து, யார் பெயரில் போன் வாங்கப்பட்டதோ அவரே கேட்க வேண்டும். பாக்கி இருக்கக் கூடாது, திருட்டுப் புகார் இருக்கக் கூடாது. ஆகவே மகன் விமானம் ஏறுவதற்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் பகுதிக்குப் போய், ‘நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்’ என்று இருந்தால் கவலையில்லை.

கடைகளில் சிம்முக்கு அடியில் மெல்லிய சிப் ஒன்றை வைத்துத் தருவார்கள். அடுத்த அப்டேட்டில் அது கைவிட்டுவிடலாம். இணையத்தில் பார்த்த கோடுகளைத் தவறாகப் பலமுறை போட்டால், சில போன்கள் நிரந்தரமாகவே பூட்டிக்கொள்ளும். பீங்கான் மாதிரிதான், அவசரக் கைக்கு ஆகாது.

எண்ணை மாற்றும் வழி இதைவிட எளிது. PORT என்பதோடு உங்கள் எண்ணையும் சேர்த்து 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் எட்டு எழுத்துக் கோடு வரும். நான்கு நாளைக்குள் புதிய நிறுவனத்தில் அதைக் கொடுக்க வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை. புதிய நிறுவனத்தின் சிம் ஒன்றைத் தெரிந்தவரிடம் வாங்கி, உங்கள் போனில் போட்டுப் பாருங்கள்.

சுந்தரரும் சும்மா ஆற்றில் போட்டுவிடவில்லை. ஒரு துண்டுப் பொன்னை வெட்டி மச்சமாகக் கையில் வைத்துக்கொண்டார். குளத்தில் எடுத்த பொன்னை அதோடு உரைத்துப் பார்த்த பிறகே திருப்தியானார் என்கிறது புராணம்.

கோயிலுக்கு வந்தால், படி இறங்கிப் போய் ஆழத்துப் பிள்ளையாரையும் பார்த்துவிட்டு வாருங்கள். திரும்பும்போது நாலு அகல் விளக்கு வாங்க மறக்காதீர்கள்!