ஆட்டோமேட்டிக்னா அவ்ளோ கேவலமா பாஸ்?

'ஆட்டோமேட்டிக் கார்'னு சொன்னதும் உங்க மூஞ்சி எப்படிக் கோணும்னு எனக்குத் தெரியும். "அதெல்லாம் ரிட்டயர்டு அங்கிள் மேட்டர் பாஸ்... கிளட்சை மிதிச்சு, கியரைத் தட்டி ஓட்டினாத்தான் கார்!" ஹாஸ்டல் மொட்டை மாடியில விடிய விடிய நடக்கிற பஞ்சாயத்துல எப்பவும் இதுதான் தீர்ப்பு.

அந்தப் பஞ்சாயத்துக்கு ஒரு தகவல். அமெரிக்காவுல 2018 மாடலா வந்தது டாட்ஜ் சேலஞ்சர் டீமன். ரேஸ் பெட்ரோல் ஊத்தினா 840 குதிரைத்திறன். கால் மைல் தூரத்தை 9.65 விநாடியில தாண்டின கார். அதுல மேனுவல் கியர்பாக்ஸ் கிடையவே கிடையாது. எட்டு கியர் ஆட்டோமேட்டிக் மட்டும்தான்! அந்த காரை டிராக் ரேஸுக்குத் தயார் பண்ணினப்போ கம்பெனிக்காரங்க கை வெச்ச இடங்கள்ல ஒண்ணு, டார்க் கன்வெர்ட்டர். அதோட ஸ்டால் ஸ்பீடை 11 சதவீதம் ஏத்தினாங்க.

'அது என்ன ஸ்டால் ஸ்பீடு?'ன்னு கேக்குறீங்களா... வாங்க, உங்க பைக்கையே எடுத்துக்குவோம். மேட்டுல, பின்னாடி ஒரு குண்டு ஃப்ரெண்டை உட்கார வெச்சு வண்டியைக் கிளப்பணும். என்ன பண்ணுவீங்க? ஹாஃப் கிளட்ச் பிடிச்சு, ஆக்ஸிலேட்டரை நல்லா முறுக்கி, இன்ஜின் 'உர்ர்ர்'னு உறுமின பிறகு மெதுவா கிளட்சை விடுவீங்க. குறைஞ்ச ஆர்.பி.எம்-ல இன்ஜினுக்கு மூச்சு கிடையாதுன்னு உங்க கைக்கு ஏற்கெனவே தெரியும். அந்தக் கையோட வேலையை ஆட்டோமேட்டிக் கார்ல ஆயில் பார்க்குது. அவ்ளோதான்.

இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல பெரிய பன் மாதிரி ஓர் இரும்பு டப்பா. உள்ளே நிறைய ஆயில். ரெண்டு டேபிள் ஃபேனை எதிரெதிரா வெச்சு ஒண்ணை மட்டும் ஓடவிட்டா, அந்தக் காத்துல இன்னொண்ணும் சுத்தும்ல? அதே கதைதான். இன்ஜினோட சுத்துற இம்பெல்லர் ஆயிலை வீசுது. எதிர்ல இருக்கிற டர்பைன் அதை வாங்கி கியர்பாக்ஸைச் சுத்துது. இதுவரைக்கும் சாதா ஃப்ளூயிட் கப்ளிங். நடுவுல ஸ்டேட்டர்னு மூணாவதா ஒருத்தர் இருக்கார். டர்பைன்ல அடிச்சுட்டுத் திரும்பி வர்ற ஆயிலை, இம்பெல்லர் சுத்துற திசைக்கே மடக்கி விடுறது அவர் வேலை. அதனால கார் கிளம்புற நேரத்துல இன்ஜின் கொடுக்கிற டார்க் கிட்டத்தட்ட ரெண்டு மடங்காகி கியர்பாக்ஸுக்குப் போகும். சாதா கிளட்ச் தலைகீழா நின்னாலும் இதைச் செய்ய முடியாது. ஆரம்பத்துல இது கப்பலுக்காகக் கண்டுபிடிச்ச விஷயம். ஜெர்மனியின் ஹெர்மன் ஃபெட்டிங்கர் 1905-ல காப்புரிமை வாங்கினார். பயணிகள் காருக்கு வந்தது 1948 மாடல் ப்யூக்ல.

இப்போ ஸ்டால் ஸ்பீடு. பிரேக்கை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, 'டி'யில போட்டு, ஆக்ஸிலேட்டரை முழுசா மிதிச்சா இன்ஜின் எந்த ஆர்.பி.எம் வரைக்கும் ஏறி நிக்குதோ, அதுதான். (அப்பா கார்ல ட்ரை பண்ணிடாதீங்க சாமி! கார் நகராம இன்ஜின் கொடுக்கிற சக்தி முழுக்க ஆயிலைத்தான் கொதிக்க வைக்கும். சில விநாடி தாண்டினாலே கியர்பாக்ஸுக்குச் சங்கு.)

இதெல்லாம் எனக்கு கிளாஸ்ல புரிஞ்சதைவிட ஒரு கார் ஷெட்டுல புரிஞ்சதுதான் அதிகம். 2012-ல நான் மிச்சிகன்ல எம்.எஸ். படிச்சிட்டு இருந்தேன். டெட்ராய்டுக்குப் பக்கத்துல யிப்சிலாண்டினு ஒரு ஊர். இரண்டாம் உலகப்போர்ல பி-24 குண்டுவீச்சு விமானங்களைச் செஞ்சுதள்ளின வில்லோ ரன் ஆலை அங்கேதான் இருந்தது. 1953-ல ஜெனரல் மோட்டார்ஸோட பழைய கியர்பாக்ஸ் ஆலை தீப்பிடிச்சு எரிஞ்சதும், கம்பெனி அந்த இடத்துக்குக் குடிவந்து, பல பத்தாண்டுகள் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செஞ்சது. 2010 டிசம்பர்ல பூட்டிட்டாங்க. எங்க ஒர்க்‌ஷாப்ல பார்ட் டைம் வேலை பார்த்த அமெரிக்க நண்பனோட அப்பா அந்த ஆலைத் தொழிலாளி. ஆலை மூடின அடுத்த வருஷம் அவர் இறந்துட்டார். வீட்டுல அவர் விட்டுட்டுப் போனது, 2000 மாடல் கமாரோ இசட்-28. 5.7 லிட்டர் வி-8, 305 குதிரைத்திறன், நாலு கியர் ஆட்டோமேட்டிக்.

காரை வேகமாக்கணும்னு நண்பனுக்கு ஆசை. கேட்டவன் எல்லாம் ஒரே பாட்டுதான் பாடினான்... "கியர்பாக்ஸைத் தூக்கிப் போடு. ஆறு கியர் மேனுவல் மாட்டு." அந்தக் கார் மேனுவல்லயும் வந்ததால பழைய பார்ட்ஸ் தாராளமா கிடைக்கும். ஆனா, அவன் அசையலை. "எங்கப்பா வாழ்நாள் முழுக்க ஆட்டோமேட்டிக் செஞ்சார். அவர் கார்ல அதைக் கழட்டி எறியச் சொல்றியா?"னு கேட்டுட்டான். அதுக்கு மேல என்ன பேச? மிச்சம் இருந்த வழி டார்க் கன்வெர்ட்டர்.

அந்த இன்ஜினோட முழு டார்க் கிடைக்கிறது 4000 ஆர்.பி.எம்-ல. ஆனா, கம்பெனி கொடுத்த கன்வெர்ட்டரோட ஸ்டால் 2000-க்கும் கீழே. ஏன்னா, கம்பெனிக்கு மைலேஜும் சத்தமில்லாத ஓட்டமும் முக்கியம். அதாவது 4000-ல புலியா பாயுற இன்ஜினை, ஒவ்வொரு சிக்னல்லயும் பூனையா கிளம்ப வைக்கிறாங்க. கன்வெர்ட்டரை மாத்தினா இன்ஜினுக்கு ஒரு குதிரைகூட ஏறாது. இருக்கிற குதிரைகள் முன்னாடியே முழிச்சுக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

"அப்போ 4000 ஸ்டாலே வாங்கிடு மச்சி!"ன்னு நீங்க சொல்வீங்க. அவனோட ரேஸ் தோஸ்துகளும் அதையேதான் சொன்னாங்க. இங்கேதான் நம்ம ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பர் உதவிக்கு வந்தது. டைமென்ஷனல் அனாலிசிஸ்னு ஒரு சாப்டரை மனப்பாடம் பண்ணி எழுதித் தூக்கிப் போட்டிருப்பீங்களே... அதேதான்! கன்வெர்ட்டர் தாங்குற டார்க், வேகத்தோட வர்க்கத்துக்கும், விட்டத்தோட ஐந்தாம் அடுக்குக்கும் நேர்விகிதம். ஐந்தாம் அடுக்கு சார்! 12 இன்ச்சை 10 இன்ச் ஆக்கினா, அதே வேகத்துல தாங்குற டார்க் ஐந்துல ரெண்டு பங்கா விழுந்துடும். அதனால இன்ஜின் சுமார் 1.6 மடங்கு வேகத்துக்கு ஏறித்தான் நிக்கும். ரெண்டே இன்ச்ல இவ்வளவு! ஸ்டால் கூடின கன்வெர்ட்டரெல்லாம் சைஸ்ல சின்னதா இருக்கிறது இதனாலதான். (உள்ளே இறக்கையோட கோணத்தை மாத்தியும் வேலை காட்டுவாங்க, அது தனிக் கதை.)

இன்னொரு குட்டி அதிர்ச்சி. டப்பா மேல எழுதியிருக்கிற ஸ்டால் நம்பர் அந்த டப்பாவுக்கு மட்டும் சொந்தமில்லை. 300 பவுண்ட்-அடி டார்க் கொடுக்கிற இன்ஜின்ல 3000-ல நிக்கிற அதே கன்வெர்ட்டர், 400 கொடுக்கிற இன்ஜின்ல கிட்டத்தட்ட 3460-ல போய் நிக்கும். அதனால பக்கத்து வீட்டுக்காரன் கார்ல பார்த்த நம்பரைச் சொல்லி ஆர்டர் கொடுக்கிறது, அவன் கண்ணாடியை வாங்கி நாம மாட்டிக்கிற மாதிரி. நல்லா செய்யறவங்க முதல்ல நம்பரைக் கேக்க மாட்டாங்க. கார் எடை என்ன, டயர் சைஸ் என்ன, பின் ஆக்ஸில் ரேஷியோ என்ன, இன்ஜின்ல கேம் மாத்தியாச்சா, தினமும் ஓட்டுற காரா, ஞாயிற்றுக்கிழமை காரா... இப்படி ஒரு இன்டர்வியூவே நடக்கும்.

அந்த இன்டர்வியூவுல நண்பன் சொன்ன கடைசி பதில்தான் விஷயத்தை முடிச்சு வெச்சது. "வாரம் ஒரு நாள் எங்கம்மா ஓட்டுவாங்க." கணவரோட காரை எடுத்துக்கிட்டு கடைக்குப் போறது அந்த அம்மாவுக்கு வெறும் ஷாப்பிங் இல்லைன்னு எனக்கே தெரியும். 4000 ஸ்டால் போட்டா டிராஃபிக்ல ஊர்ந்து போறப்போ பாதி நேரம் கன்வெர்ட்டர் வழுக்கிட்டே இருக்கும். இன்ஜின் முதல்ல கத்தும், கார் அப்புறம் யோசிச்சுக் கிளம்பும். பெட்ரோலும் போகும், சூடும் ஏறும். 3000 போதும்னு முடிவாச்சு. நெடுஞ்சாலையில வழுக்காம ஓட லாக்-அப் கிளட்ச் இருக்கிற மாடல். கூடவே ரேடியேட்டர் முன்னாடி தனியா ஓர் ஆயில் கூலர். இந்தக் கூலரைச் செலவுன்னு நினைச்சு விடுறவங்கதான் அடுத்த வருஷம் கியர்பாக்ஸே வாங்குறாங்க. ஆயில் ஒவ்வொரு 11 டிகிரி செல்சியஸ் கூடச் சூடாகும்போதும் அதோட ஆயுசு பாதியாகும்னு ஒரு ஒர்க்‌ஷாப் கணக்கு உண்டு.

மாட்டின சனிக்கிழமையைச் சொல்லியே ஆகணும். அப்பாவோட ஆலையில வேலை பார்த்த ரெண்டு பெரியவங்க உதவிக்கு வந்தாங்க. கார் நாலு ஸ்டாண்டு மேல. புரொப்பெல்லர் ஷாஃப்ட், கிராஸ் மெம்பர் எல்லாம் இறங்கி, வாடகை ஜாக்குல கியர்பாக்ஸ் வெளியே வந்தது. புது கன்வெர்ட்டர்ல ஒரு லிட்டர் ஆயிலை முதல்லயே ஊத்தி, ஷாஃப்ட்டுல செருகி மெதுவா சுத்தினார் பெரியவர். 'டக்'. ஒரு ஸ்ப்ளைன்ல உட்கார்ந்தது. இன்னொரு 'டக்'. எல்லாரும் முடிஞ்சதுன்னு நிமிர்ந்தோம். அவர் மட்டும் சுத்திக்கிட்டே இருந்தார். மூணாவது 'டக்' வந்த பிறகுதான் கையை எடுத்தார். அது ஆயில் பம்ப்ல போய் உட்கார்ற சத்தம். அது வராமலேயே கியர்பாக்ஸை இன்ஜினோட சேர்த்து போல்ட்டை முறுக்கினா, கன்வெர்ட்டர் பம்பை நசுக்கிடும். இன்ஜினை ஸ்டார்ட் பண்றதுக்குள்ளேயே கதை முடிஞ்சிடும்.

அப்புறம் ஸ்டீல் ஸ்கேலை எடுத்தார். கியர்பாக்ஸை இன்ஜினோட சேர்த்ததும், கன்வெர்ட்டருக்கும் ஃப்ளெக்ஸ்பிளேட்டுக்கும் நடுவுல 3-லேர்ந்து 5 மில்லிமீட்டர் வரை இடைவெளி இருக்கணும், கையால சுத்தினா கன்வெர்ட்டர் தடையில்லாம சுத்தணும். 4 இருந்தது. நண்பன் மூணு போல்ட்டையும் முறுக்கினான். பெரியவங்க ரெண்டு பேரும் கழட்டிப் போட்ட பழைய கன்வெர்ட்டரை மடியில வெச்சுக்கிட்டு, அதோட வெல்டிங்கைத் தடவித் தடவிப் பார்த்து ரொம்ப நேரம் ஏதோ பேசிட்டு இருந்தாங்க.

டிராக்ல ரிசல்ட்? முன்னாடி கால் மைலுக்கு 13.9 விநாடி. இப்போ 13.5. அந்த 0.4-ல பாதி, முதல் 60 அடியிலேயே கிடைச்சது. 2.1 விநாடி எடுத்த தூரத்துக்கு 1.9. மேனுவல் மாட்டச் சொன்ன தோஸ்து ஒருத்தன் குனிஞ்சு உள்ளே எட்டிப் பார்த்து, கிளட்ச் பெடல் இருக்கான்னு செக் பண்ணினதுதான் அன்னிக்கு ஹைலைட்!

அடுத்த வாரம் அம்மா டெஸ்ட். நாங்க ரெண்டு பேரும் வாசல்ல நின்னோம். அவங்க கதவைச் சாத்தி, சீட்டை முன்னாடி இழுத்து, ரிவர்ஸ் போட்டாங்க. கார் நகரலை. லேசா ஆக்ஸிலேட்டரை அழுத்தினதும் வழுவழுன்னு பின்னாடி வந்தது. கண்ணாடியை இறக்கி, "முன்னையெல்லாம் பிரேக்கை விட்டாலே தானா நகருமே... இப்போ கொஞ்சம் கேட்டு வாங்க வேண்டியிருக்கு"ன்னாங்க. ஸ்டால் கூடினா அப்படித்தான், சும்மா நிக்கிற ஆர்.பி.எம்-ல ஆயில் தள்ளுற வேகம் குறைஞ்சிடும். நண்பன் அதை விளக்க வாயைத் திறந்தான். அதுக்குள்ள அவங்க 'டி'யில போட்டு, தெருமுனை திரும்பிட்டாங்க.