பாட்டுப்பெட்டி

நுழையும்முன்

பழுதுபட்ட பொருளைச் சீர்செய்வதற்குக் கைத்திறன் மட்டும் போதாது. எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்று அறியும் தெளிவும் வேண்டும். நெடுங்காலம் பாடாதிருந்த கிராமபோன் ஒன்று மீண்டும் பாடிய நிகழ்வை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

காரைக்குடியிலுள்ள அவ்வீட்டின் இரண்டாம் கட்டில், மரக்காலுக்கும் பித்தளை அண்டாவுக்கும் நடுவே, நாற்பது ஆண்டுகளாக ஒரு கிராமபோன் வாய்மூடிக் கிடந்தது. தேக்குமரப் பெட்டி, பூவிதழ்போல் விரிந்த பித்தளைக் குழல், பக்கவாட்டில் சாவி கொடுக்கும் கைப்பிடி ஆகியவை அதன் அடையாளங்கள். வீட்டார் அதனைப் பாட்டுப்பெட்டி என்றே அழைத்தனர்.

அதனை வாங்கியவர் அவ்வீட்டு மூதாட்டியின் தந்தை. மூதாட்டிக்கு வயது எண்பத்து நான்கு. அவருடைய மகன், பேருந்துப் பணிமனையில் இயந்திரப் பணியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். பழம்பொருள் வணிகர் ஒருவர் குழலுக்கு மட்டும் நல்ல விலை தருவதாகச் சொன்னார். உறவினர் ஒருவரோ, உள்ளே மின் ஒலிபெருக்கியைப் பொருத்திவிட்டால் போதும் என்றார். மகன் இரண்டுக்கும் இசையவில்லை. வேலையைத் தொடங்கவும் இல்லை. தாயின் செவித்திறன் ஆண்டுக்காண்டு குறையும் என்று மருத்துவர் சொன்ன நாளின் மாலையில்தான் அவர் திருப்புளியைக் கையில் எடுத்தார்.

சுருள்வில்லும் ஊசியும்

கிராமபோனுக்கு மின்சாரம் தேவையில்லை. கைப்பிடியைச் சுற்றும்போது உருளைக்குள் இருக்கும் எஃகுச் சுருள்வில் இறுகுகிறது. அது தளரும் விசையால் தட்டு சுழல்கிறது. விசை மிகுந்தாலும் குறைந்தாலும் வேகம் மாறாதிருக்க, சுழலும் மூன்று எடைகள் கொண்ட வேகக்கட்டுப்பாட்டுக் கருவி உள்ளே இருக்கிறது. தட்டின் பள்ளக்கோடுகளில் ஊசி அதிர, அவ்வதிர்வு மைக்காத் தகட்டை அசைக்க, குழல் அதனைப் பெருக்கி ஒலியாக வெளியிடுகிறது.

இறுகிய சுருள்வில் கையையே கிழித்துவிடும். எனவே, விசை முழுவதையும் தளர்த்திய பிறகே அவர் உருளையைத் திறந்தார். வில் முறிந்திருந்தது. பழைய மசகு, தாரைப்போல் கெட்டியாகியிருந்தது. மண்ணெண்ணெயில் பாகங்களைக் கழுவி, அளவொத்த வேறொரு வில்லைத் தேடிப் பொருத்தி, கிராஃபைட் கலந்த மசகிட்டார். மைக்காத் தகட்டைத் தாங்கிய ரப்பர் வளையம் கல்லாய் இறுகிப்போயிருந்தது, அதனையும் மாற்றினார். பித்தளைப் பாகங்களைப் புளியிட்டுத் துலக்கினார். வேகத்தை மாற்றும் முள்ளின் அருகே ஓர் ஆழமான கீறல் இருந்தது. எவ்வளவு தேய்த்தும் அது போகவில்லை. அரம் கொண்டு தேய்த்தால் எழுத்துகளும் அழிந்துவிடுமே என்று அதனை அப்படியே விட்டுவிட்டார்.

தட்டின் கதை

மூதாட்டியிடம் இருந்தது ஒரே ஒரு தட்டு. ஒலிவாங்கி வழக்கத்திற்கு வருமுன், பாடகர் குழலின் முன் நின்று உரத்துப் பாடிப் பதிவான நாடகப் பாடல் அது. எமில் பெர்லினர் 1887ஆம் ஆண்டில் கிராமபோனுக்குக் காப்புரிமை பெற்றார். 1902ஆம் ஆண்டில் கல்கத்தாவில் பாடல்கள் பதிவாயின. எனினும் தட்டுகள் ஜெர்மனியின் ஹனோவரில் அச்சாகிக் கப்பலேறி வந்தன. 1908ஆம் ஆண்டில் கல்கத்தாவிலேயே தட்டுத் தொழிற்சாலை அமைந்தது. தட்டின் மூலப்பொருள்களுள் ஒன்றான அரக்கு, நம் நாட்டு மரங்களில் வாழும் சிறு பூச்சி தருவது. தவறி விழுந்தால் அத்தட்டு ஓடுபோல் உடைந்துவிடும். ஒரு பக்கம் பாடி முடிந்ததும் எஃகு ஊசியை மாற்றவேண்டும். தேய்ந்த ஊசி பாடலையே அரித்துவிடும்.

கீறல்

தட்டு நிமிடத்திற்கு 78 முறை சுழலவேண்டும் என்பது பொதுவிதி. மகன் தட்டின் விளிம்பில் காகிதத் துண்டொன்றைச் செருகி, கடிகாரத்தைப் பார்த்துச் சுற்றுகளை எண்ணினார். சரியாக 78 வந்தது. தாயைக் குழலுக்கு அருகில் அமர்த்தி ஊசியை வைத்தார்.

கரகரப்புக்குப் பின் குரல் எழுந்தது. மூதாட்டியின் முகம் மலர்ந்து, உடனே சுருங்கியது.

“தம்பி, அவருக்கு என்ன அவசரம்? இப்படி ஓடி ஓடிப் பாட மாட்டாரே!”

“எண்ணிப் பார்த்துத்தானம்மா வைத்தேன். வேகம் சரியாகத்தான் இருக்கிறது.”

“இந்தத் தட்டுக்கு மட்டும் உன் தாத்தா அந்த முள்ளைக் கொஞ்சம் பின்னே தள்ளுவார். ஆணியால் ஒரு கோடுகூடப் போட்டு வைத்திருந்தாரே!”

மகன் குனிந்து பார்த்தார். தாம் துடைத்தெறிய முயன்ற கீறலின்மேல் முள்ளை நிறுத்தினார். குரல் தணிந்து, கனத்து, நிதானமாக நடந்தது. மூதாட்டி தம் உள்ளங்கையைப் பெட்டியின்மீது வைத்துக் கண்களை மூடினார். செவியில் விழாத சொற்கள் மரத்தின் அதிர்வாய் அவர் கைக்குள் ஏறின.

பின்னர் அவ்வேகத்தை எண்ணியபோது 74 வந்தது. தொடக்கக் காலத் தட்டுகள் பலவும் 78 என்னும் அளவிற்குச் சிறிது கூடியோ குறைந்தோ பதிவானவை. அதனைப் பெரியவர் தம் செவியால் அறிந்து, ஓர் ஆணியால் எழுதி வைத்திருந்தார்.

பழையதைப் புதுப்பிப்போர் முதலில் அழிக்க முற்படுவது அதன் தழும்புகளையே. அவற்றுள் எது துரு, எது குறிப்பு என அறிவதற்கு, அறிந்தவர் உயிரோடிருக்கும்போதே கேட்டுவிடவேண்டும். மகன் தட்டின் உறையில் பென்சிலால் எழுதினார்: ‘வேகம் 74. அம்மா சொன்னது.’