பிறைக் கணக்கும் பிறப்புச் சான்றும்

வாழ்க்கையில் ஒரு நாள் சிறிது. விளையாட்டு விதிகளில் அதுவே பெரிது. டிசம்பரின் இறுதி நாளில் பிறந்தவனுக்கும் ஜனவரி முதலாந் திகதி பிறந்தவனுக்கும் இடையே ஓர் இரவுதான் உண்டு. வயதெல்லை அவ்விரவில் விழுமாயின், ஒருவன் மைதானத்தின் உள்ளேயும் மற்றவன் வெளியேயும் நிற்க நேரும்.

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை முதலிய கரையோர ஊர்களில் இவ்வெல்லைக்கு மற்றொரு சிக்கலும் உண்டு. மூத்த தலைமுறை உம்மாமார் பிள்ளையின் பிறப்பைப் பிறையோடு சேர்த்தே நினைவிற் கொண்டனர். "நோன்பு இருபத்தேழில் பிறந்த புள்ள" என்பதே அவர்கள் அறிந்த சான்று. சந்திர ஆண்டோ சூரிய ஆண்டினும் ஏறக்குறைய 11 நாள் குறைந்தது. எனவே பிறைக் கணக்கில் 19 வயது நிறைந்தவனுக்குப் பதிவேட்டின் கணக்கில் 18 ஆண்டும் ஐந்து மாதமுமே ஆகும். உம்மாவின் சொல்லும் பொய்யன்று. பதிவாளரின் ஏடும் பொய்யன்று. எனினும் 19 வயதுக்குட்பட்டோர் அணியில் அவனது இடத்தைத் தீர்மானிப்பது ஏடேயாகும்.

அந்த ஏட்டின் பிரதியையும் கடல் கொண்டுபோன நாள் ஒன்றுண்டு. 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியபோது, உயிர்களோடும் வீடுகளோடும் பெட்டியில் மடித்து வைத்திருந்த சான்றிதழ்களும் அழிந்தன. பிறப்பு முறையாகப் பதியப்பட்டிருந்தோர் மீண்டும் பிரதி பெறலாம். பதியப்படாத பிள்ளைக்கு உம்மாவின் நினைவைத் தவிர வேறென்ன உண்டு?

ஆயின் வயதெல்லையே வேண்டாமெனல் பொருந்தாது. ஹொக்கி மட்டையோடு ஓடிவரும் இருபது வயதினன் முன் பதினாறு வயதுச் சிறுவனை நிறுத்துவது போட்டியாகாது. அதேவேளை, எல்லை முழு நீதியையும் தந்துவிடுவதில்லை. கனடாவின் பனித்தரை ஹொக்கி வீரரை ஆராய்ந்து 1985இல் வெளியான ஆய்வு, ஆண்டின் முதல் மாதங்களிற் பிறந்தோரே முன்னணி இளைஞர் அணிகளில் மிகுந்திருந்தமையைக் காட்டிற்று. ஒரே பிரிவினுள்ளும் சில மாத வளர்ச்சி சிலருக்கு வாய்ப்பாக அமைந்துவிடுகின்றது.

இக்குறையைக் காட்டிச் சான்றிதழில் ஓர் எண்ணைத் திருத்தத் துணிவோர், அது ஓர் ஆட்டத்தோடு முடியுமென எண்ணுகின்றனர். நமது தேசிய அடையாள அட்டை இலக்கத்திலேயே பிறந்த ஆண்டும், அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பதும் பொதிந்துள்ளன. ஒரு கிண்ணத்துக்காகச் சொன்ன பொய்யை அவ்விளைஞன் வாழ்நாள் முழுவதும் சுமக்க வேண்டும்.

ஆகவே வயதை ஆராய வேண்டிய நேரம் ஆட்டத்துக்கு முந்திய மாலையன்று; பிள்ளை பாடசாலையில் அடிவைக்கும் முதல் ஆண்டாகும். அன்றே பிறையைத் திகதியாக்கிப் பதிவுக்கு வழிகாட்டும் ஆசிரியர், பின்னாளில் தகுதியுள்ள ஒருவன் வாசலில் நின்று திரும்புவதைத் தடுத்தவராவார்.