கரூரின் இரண்டு வங்கிகளும் ஒரு தீபாவளி போனஸும்

தீபாவளி நெருங்கினால் நாமகிரிப்பேட்டை டீக்கடைகளில் போனஸ் பேச்சு வந்துவிடும். போக்குவரத்துக் கழகத்துக்கும் மின்வாரியத்துக்கும் அரசு 20 சதவீதம் அறிவித்தாலும், ஒருவர் கைக்கு வருவது அதிகபட்சம் 16,800 ரூபாய். 2023இலும் அதே தொகை, 2024இலும் அதே தொகை. காரணம், சம்பளம் எவ்வளவு இருந்தாலும் மாதம் 7,000 ரூபாய் என்று வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். வருடத்துக்கு 84,000, அதில் ஐந்தில் ஒரு பங்கு. இந்த 7,000 ரூபாய் வரம்பு போனஸ் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது. அதற்குப் பிறகு ஏறிய விலைவாசியைப் பார்த்தால் இது அநியாயமான வரம்பு.

இத்தனை சின்னத் தொகையை ஜவுளிக்கும் பட்டாசுக்கும் செலவழிக்காமல் ஷேரில் போடத் துணிகிறவரைப் பாராட்டத்தான் வேண்டும். அவருக்கு எல்லோரும் சொல்லும் புத்தி ஒன்றுதான்: நல்ல கம்பெனியாகப் பார்த்து வாங்கு, பத்து வருஷம் திரும்பிப் பார்க்காதே.

நாமகிரிப்பேட்டை போல மஞ்சள் ஏலம் நடக்கும் ஊரில் இந்தப் புத்தி எடுபடக் கூடாது. விலை வரட்டும் என்று மஞ்சளை இருப்பு வைப்பது இங்கே பழகிய வேலை. 2010இல் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டிய மஞ்சள், 2012இல் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. அப்போதும் மூட்டையைக் கட்டிப்போட்டுக் காத்திருந்தவர்கள் உண்டு. ஆனால் கட்டிய மூட்டையை அவ்வப்போது பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு விரலியை எடுத்து ஒடித்தால் கணீரென்று சத்தம் வர வேண்டும். உள்ளே நிறம் மங்கியிருக்கக் கூடாது. வண்டு துளைத்த பொடி கையில் ஒட்டக் கூடாது. வண்டு விழுந்த மஞ்சளுக்கு எத்தனை வருஷம் காத்திருந்தாலும் விலை கிடைக்காது.

பங்கும் அப்படித்தான். பக்கத்துக் கரூரில் பிறந்தவை இரண்டு வங்கிகள். கரூர் வைஸ்யா 1916இல். லட்சுமி விலாஸ் 1926இல். இரண்டும் வியாபாரிகளுக்குக் கடன் கொடுத்து வளர்ந்தவை, இந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர்கள். 2017 டிசம்பரில் லட்சுமி விலாஸ் தன் பங்குதாரர்களுக்கு 122 ரூபாய் விலையில் உரிமைப் பங்கு கொடுத்தது. 16,800 ரூபாய்க்கு 137 பங்குகள் வாங்கியிருக்கலாம். அடுத்து வந்த கணக்குகளைப் பாருங்கள். 2017-18இல் 585 கோடி நஷ்டம், மறு வருடம் 894 கோடி, அதற்கடுத்து 836 கோடி. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி அதை உடனடித் திருத்த நடவடிக்கையின் கீழ் வைத்தது. 2020 நவம்பர் 27 அன்று டிபிஎஸ் வங்கியோடு இணைத்தபோது டெபாசிட்டுகள் பத்திரமாக இருந்தன. பங்கு மூலதனம் மொத்தமும் தள்ளுபடியானது. 137 பங்குகளுக்கும் மதிப்பு பூஜ்யம்.

கரூர் வைஸ்யாவும் சுகப்பட்டுவிடவில்லை. 2020 மார்ச்சில் அதன் பங்கு 20 ரூபாய்க்குக் கீழே போனது. விலையை மட்டும் பார்த்தவருக்கு அன்று இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிந்திருக்கும். கணக்கைப் பார்த்தவருக்கு வித்தியாசம் தெரிந்திருக்கும்: லட்சுமி விலாஸ் நஷ்டம் காட்டிய அந்த மூன்று வருடமும் கரூர் வைஸ்யா லாபம் காட்டியது. 2024இல் அதன் விலை 200ஐத் தாண்டியது. 2018இல் பத்துக்கு ஒன்று, 2025இல் ஐந்துக்கு ஒன்று என்று போனஸ் பங்கும் வந்தது. 2018 தொடக்கத்தில் 100 பங்கு வைத்திருந்தவரிடம் இன்று 132 இருக்கும்.

இரண்டிலும் பாதிப் பாதி போட்டிருந்தால் ஒன்று போனாலும் மற்றொன்று கை கொடுத்திருக்கும். ஒரே ஊர், ஒரே தொழில் என்று நில்லாமல் பல துறைகளில் பிரித்துப் போடும் இண்டெக்ஸ் ஃபண்டு இந்தத் தொகைக்கு இன்னும் பொருத்தம். அத்தனை துறைகளில் ஐம்பது கம்பெனியின் கணக்கை ஒருவரே உட்கார்ந்து படிக்க முடியாது.

பங்கை வாங்கி மறந்துவிடுவதில் இன்னொரு கேடும் உண்டு. ஏழு வருடம் தொடர்ந்து டிவிடெண்ட் வாங்காமல் விட்டால், அந்தப் பணத்தோடு பங்குகளும் மத்திய அரசின் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். உரியவர் விண்ணப்பித்து மீட்டுக்கொள்ளலாம். காகிதச் சான்றிதழாகவே வைத்திருப்பவர்கள் 2019 ஏப்ரல் முதல் டீமேட் என்னும் மின்னணு வடிவுக்கு மாற்றாமல் அவற்றை விற்க முடியாது.

வீட்டுப் பெரியவர்களின் இரும்புப் பெட்டியில் பழைய பங்குப் பத்திரம் ஏதாவது கிடக்கிறதா என்று இந்தத் தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது பாருங்கள். நாமினி பெயர் இருக்கிறதா என்பதையும், அந்தக் கம்பெனியின் கடைசி மூன்று வருடக் கணக்கையும் சேர்த்தே பாருங்கள்.