கொலோனில் ஓர் இரவு

ஹம் நகரக் காமாட்சி அம்பாள் தேர் பார்க்கப் பாரிசிலிருந்து புறப்பட்ட நாங்கள், இரவு கொலோனில் தங்கினோம். புகையிரத நிலைய வாசலிலேயே 157 மீற்றர் உயரத் தேவாலயம். 1248 இல் தொடங்கிய வேலை 1880 இல்தான் முடிந்ததாம். அதை அண்ணாந்து பார்த்ததில் நேரம் போய்விட்டது.

விடுதிக்கு வர இரவு 9 மணி. யாழ்ப்பாணத்தில் நள்ளிரவு 12.30. எங்கள் குரல் கேட்காமல் அம்மா உறங்கமாட்டார். கைப்பேசியில் டேட்டா முடிந்திருந்தது. விடுதியின் வைபை "இணைந்துள்ளது" என்று காட்டியது, வட்ஸ்அப் அசையவில்லை. மூன்று தடவை அணைத்து ஏற்றியும் பயனில்லை.

வரவேற்பு மேசைப் பெண்மணி விளக்கினார். இவ்வாறான இடங்களில் வைபைக்கு ஒரு படலை உண்டு. விதிகளை ஏற்கும் பக்கத்தில் சம்மதம் அழுத்தினால்தான் இணையம் திறக்கும். ஊர் நாடகம் பார்க்க நாங்கள் போட்டிருந்த வி.பி.என். அப்பக்கத்தை வரவிடாமல் தடுத்திருந்தது.

பயணம் போகும் உறவுகளே, இதைக் குறித்து வையுங்கள்: முதலில் வி.பி.என். ஐ நிறுத்துங்கள். அந்த வைபையை மறக்கச் செய்து மீண்டும் இணையுங்கள். சம்மதப் பக்கம் தானாக வராவிட்டால் பிரவுசரைத் திறந்து பாருங்கள்.

அம்மா முதல் மணியிலேயே எடுத்தார். "சாப்பிட்டாச்சோ பிள்ளையள்?" என்று மட்டும் கேட்டார்.