ஒழுகினது மேலே, கழட்டினது கீழே

ரொம்ப நாளாச்சு இங்க எழுதி. ஆபீஸ்ல ஆணி ஒண்ணும் அதிகமில்லீங்க, வீட்டுலதான் ஆயில் அதிகம் :-)

நம்மகிட்ட 1998 மாடல் ஹோண்டா சிவிக் ஒண்ணு இருக்கு. பையன் காலேஜுக்கு எடுத்துட்டுப் போறதா திட்டம். கார் நிக்கிற இடத்துல தினமும் கையகலத்துக்குக் கறுப்புத் திட்டு. குனிஞ்சு பார்த்தா ஆயில் பேன் ஓரமெல்லாம் நசநசன்னு எண்ணெய். கடையில கேட்டா நானூறு டாலராம். கேஸ்கெட் விலையோ இருபது டாலர் சொச்சம். "நானே மாத்திடறேன்"னு அறிவிச்சேன். தங்கமணி பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

இங்க ஒரு சின்ன கொசுவத்தி. எங்கப்பா சங்ககிரில லாரி பட்டறை வெச்சிருந்தவர். என்னை மட்டும் ஸ்பேனரைத் தொடவே விட்டதில்லை. "கையில மசி ஆகாம பொழைக்கற வழியப் பாரு, போய்ப் படி"ம்பார். படிச்சேன். அதனால நாப்பத்தேழு வயசுல யூட்யூப் பார்த்துக் கத்துக்க வேண்டியதாப் போச்சு.

சனிக்கிழமை ஆரம்பம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில படுக்கக்கூடாது மக்களே, கட்டாயம் ஸ்டாண்டு வேணும். ரெண்டு பக்கமும் ஸ்டாண்டு வெச்சு, வண்டியை ஆட்டிப் பார்த்துட்டுதான் படுத்தேன். ஆயிலை வடிச்சாச்சு. ஆனா புகைக்குழாயை இறக்காம பேன் வெளிய வராது. அதோட நட்டெல்லாம் துருப்பிடிச்சு என்னைப் பார்த்துச் சிரிச்சுது. துரு இளக்கற எண்ணெய் அடிச்சு ராத்திரி முழுக்க ஊற விட்டேன். காலையில பையன் ஒரு குழாயை நெம்புகோலா மாட்டி இழுக்க, 'டக்'னு விட்டுச்சு.

பேனைச் சுத்தி வரிசையா பத்தாம் நம்பர் போல்ட், நட்டு. கழட்டறது சுலபம், பழைய கேஸ்கெட்டைச் சுரண்டறதுதான் தவம். முன்னாடி யாரோ மூச்சைப் பிடிச்சு முறுக்கினதுல போல்ட் ஓட்டையைச் சுத்தித் தகரம் குழிஞ்சிருந்துச்சு. மரக்கட்டை மேல வெச்சுத் தட்டி சமமாக்கினோம். மூலைகள்ல மட்டும் கொஞ்சம் சீலன்ட். அப்புறம் நடுவுல ஆரம்பிச்சு வெளிப்பக்கமா, ரெண்டு மூணு சுத்தா முறுக்கணும். கடைசி டார்க் 12 நியூட்டன் மீட்டர்தான். மணிக்கட்டு பலமே போதும். பையன் "இவ்ளோதானா?"ன்னான். ரப்பர் நசுங்கினா மறுபடி ஒழுகும்டான்னு ஞானி மாதிரி சொன்னேன்.

சீலன்ட் காய விட்டு, ஆயில் ஊத்தி, அடியில அட்டை விரிச்சோம். மூணாம் நாள் காலையில பார்த்தா அதே கறுப்புத் திட்டு. அவ்வ்வ்வ்! பையன் ஒண்ணும் சொல்லலை. அதுதான் ரொம்ப வலிச்சுது.

வேற வழியில்லாம அப்பாவுக்குப் போன் போட்டேன். திட்டுவாருன்னு நினைச்சேன். அமைதியாக் கேட்டுட்டு, "கழட்டறதுக்கு முன்னால துடைச்சியா தம்பி?"ன்னார்.

"இல்லீங்கப்பா."

"எண்ணெய் மேல இருந்துதான் கீழ வரும். எஞ்சினை நல்லாக் கழுவி, ஓட்டிட்டு வந்து, உச்சில இருந்து கையை விட்டுத் தடவிப் பாரு."

கழுவி, இருபது மைல் ஓட்டிட்டு வந்து, எஞ்சினுக்குப் பின்பக்கம் விரலை விட்டேன். ஈரம். வால்வ் கவர் கேஸ்கெட் பிளாஸ்டிக் மாதிரி இறுகிக் கிடந்துது. அதுல கசியறதுதான் எஞ்சின் முதுகு வழியா இறங்கி பேன் ஓரத்துல சேர்ந்திருக்கு. அதை மாத்த ஒரு மணி நேரம்கூட ஆகலை. அதுக்கு அடியில படுக்கவே வேண்டாம்!

இப்போ அட்டை சுத்தமா இருக்கு. அப்பாவுக்கு வீடியோ கால் போட்டு எஞ்சினைக் காட்டினோம். அவர் எஞ்சினைப் பார்த்த மாதிரி தெரியலை. பேரனோட கையைப் பார்த்து, "நகத்துல மசி போகாது, சீயக்காய் போட்டுத் தேய்க்கச் சொல்லு"ன்னார். எனக்கு அந்த மசியைக் கழுவ மனசே வரலை.

டிஸ்கி: சீயக்காய்க்கு இந்திய மளிகைக் கடை போக வேண்டியதாச்சு. அதைத் தங்கமணி செலவுக் கணக்குல சேர்த்துட்டாங்க :-)